அல்ஜீரிய மாவீரர் அமீர் அப்துல் காதிர் (ரஹ்)

முஹிய்யித்தீன் என்றும் அப்துல் காதிர் என்றும் பெயர் விளங்காத தெரு நம் ஊர்களில் இல்லை. பக்தாத் நகரில் அடங்கியிருக்கும் ஹழ்ரத் முஹிய்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானீ (ரஹ்) அவர்கள்மீது நம் முன்னோர் கொண்டிருந்த பேரன்பே இதற்குக் காரணம். ரபீஉல் ஆகிர் பிறை பிறந்துவிட்டால் அவர்கள் பேரில் மௌலிது ஓதும் ஓசை நம் மஹல்லாக்களில் கேட்கத் தொடங்கிவிடும். இதே அன்பு, பல்லாயிரம் கல் தொலைவிலுள்ள வட ஆப்பிரிக்காவின் ஒரு சிற்றூரிலும் ஒரு குடும்பத்தை ஆட்கொண்டிருந்தது. காதிரிய்யா தரீக்காவின் கான்காஹ் ஒன்றை நடத்தி வந்த குடும்பம் அது. தகப்பனார் பெயர் முஹிய்யித்தீன். மகனார் பெயர் அப்துல் காதிர். அந்த மகனாரைப் பற்றியே இம்மாதம் எழுத எண்ணினோம்.

அவர்களை மாவீரர் என்று உலகம் அழைக்கிறது. வீரர் என்றால் யார் என்று சற்றே எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. எல்லாச் சமூகத்தாரும் தம் போர்வீரனுக்கு ஓர் ஒழுக்கத்தை வகுத்தே வைத்திருந்தார்கள். ஜப்பானிய நாட்டுச் சாமுராய் தன் தலைவனுக்காக உயிர் விடுவதையே தன் கடமையின் எல்லை என்று கொண்டான். ராஜபுத்திரன் புறமுதுகு காட்டுவதை இழிவென்று கருதினான். ஐரோப்பாவின் குதிரை வீரப் பிரபுக்கள், பிடிபட்டவன் தம்மைப்போல் ஒரு பிரபுவாயின் விருந்து வைத்து நடத்தினார்கள். ஏழைக் குடியானவனுக்கு அந்த மரியாதை கிட்டுவது அரிது. நம் மார்க்கத்தில் இது வீரனுடைய தனிப் பெருந்தன்மைக்கு விடப்படவில்லை. ஒளூவின் சட்டமும் நோன்பின் சட்டமும் எழுதப்பட்டிருக்கும் அதே ஃபிக்ஹு கிதாபுகளில், போர் செய்பவன் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்பதும் பாடமாக எழுதப்பட்டிருக்கிறது. நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் ஃபத்ஹுல் முஈன் கிதாபிலும் அந்தப் பாடம் உண்டு. அதை எழுதிய பொன்னானி ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள், போர்த்துக்கீசியரின் கொடுமைகளை எதிர்த்து மலையாளக் கரையில் நடந்த போராட்டத்திற்காகவே தனியாக ஒரு நூல் செய்தவர்கள் என்பதும் நாம் அறிந்ததே. ஆயினும் இன்று ஓதுகிற மாணவர்கள் அந்தப் பாடத்தை விரைவாகத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். நமக்கு ஏது போர், ஏது கைதி என்ற எண்ணம். அமீர் அப்துல் காதிர் (ரஹ்) அவர்களின் வரலாற்றைப் படிக்கும்போது அந்தப் பாடத்திற்கு ஒரு விரிவுரையைப் படிப்பது போலவே நமக்குத் தோன்றுகிறது.

அவர்கள் பிறந்தது 1808ஆம் ஆண்டு, அல்ஜீரியாவின் மேற்குப் பகுதியில் மஅஸ்கர் நகருக்கு அருகில். ஹழ்ரத் ஹஸன் (ரலி) அவர்களின் வழிவந்த ஸய்யிதுக் குடும்பம். சிறு வயதிலேயே குர்ஆனை மனனம் செய்தார்கள். மாலிக்கீ மத்ஹபின் ஃபிக்ஹையும், ஹதீஸையும், இலக்கணத்தையும் தகப்பனாரிடமும் வஹ்ரான் நகரத்து ஆசிரியர்களிடமும் கற்றார்கள். குதிரை ஏற்றத்தில் அவர்களுக்கு நிகர் அந்தப் பிரதேசத்திலேயே இல்லை என்பார்கள். பிற்காலத்தில் ஒரு பிரெஞ்சுத் தளபதி அரபுக் குதிரைகளைப் பற்றி நூல் எழுதியபோது, தமக்குத் தெரியாததையெல்லாம் இவர்களிடமே கேட்டு எழுதிக்கொண்டார்.

1825ஆம் ஆண்டில் தகப்பனாரும் மகனாரும் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார்கள். மிஸ்ரு, ஹிஜாஸ், திமிஷ்கு (டமாஸ்கஸ்), பக்தாத் என்று நீண்டது அந்தப் பயணம். பக்தாதில் ஜீலானீ நாயகத்தின் கபுறு ஷரீஃபை ஜியாரத் செய்தார்கள். ஊர் திரும்பிய அந்த இளைஞரின் ஆசை, தகப்பனாரின் கான்காஹில் ஓதிக்கொடுத்துக்கொண்டும் திக்ரு செய்துகொண்டும் காலம் கழிக்க வேண்டும் என்பதுதான். அதற்குள் பிரெஞ்சுக்காரர் வந்துவிட்டார்கள்.

அவர்கள் வந்த காரணத்தைக் கேட்டால் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் அல்ஜீரியாவிலிருந்து கடனாக வாங்கிய கோதுமைக்குப் பணம் கொடுபடாமல் கிடந்தது. அதை 1827இல் அல்ஜீரிய ஆட்சியாளர் கேட்டபோது வாக்குவாதம் முற்றி, அவர் பிரெஞ்சுத் தூதரை ஈயோட்டும் விசிறியால் அடித்துவிட்டார். கடன்பட்டவன் கடன் கொடுத்தவனின் நாட்டையே பிடுங்கிக்கொள்ள அது சாக்காகிவிட்டது. 1830 ஜூன் மாதம் படை இறங்கியது. ஜூலை 5இல் அல்ஜியர்ஸ் நகரம் சரணடைந்தது. மூன்று நூற்றாண்டுகளாக இருந்த துருக்கியர் அதிகாரம் சில வாரங்களில் கலைந்துபோயிற்று. உள்நாட்டில் கபீலாக்கள் ஒன்றையொன்று கொள்ளையடிக்கத் தொடங்கின. தலைவரில்லாத மக்கள் முதியவரான ஷைகு முஹிய்யித்தீன் அவர்களிடம் வந்து தலைமை ஏற்கும்படி வேண்டினார்கள். அவர்கள் தம் முதுமையைச் சொல்லி மகனாரைக் காட்டினார்கள். ஹிஜ்ரி 1248 ரஜப் மாதத்தில், அதாவது 1832 நவம்பர் 27இல், கரீஸ் சமவெளியில் ஒரு பெரிய மரத்தடியில் மக்கள் கூடி இவர்கள் கையில் பைஅத் செய்தார்கள். ஹுதைபிய்யாவில் மரத்தடியில் நடந்த பைஅத்தை அந்த மக்கள் நினைவில் கொண்டே இடத்தைத் தேர்ந்தார்கள் என்பதில் ஐயமில்லை. அப்போது அமீருக்கு வயது இருபத்து நான்கு.

அதன்பின் பதினைந்து ஆண்டுகள் போர். எல்லாப் போர்களையும் இங்கே எழுத இடமில்லை. 1834இல் ஓர் உடன்படிக்கை, 1835இல் மக்தா ஆற்றங்கரையில் பிரெஞ்சுப் படைக்குப் பெருந்தோல்வி, அடுத்த ஆண்டில் ஸிக்காக் நதியருகே அமீருக்குத் தோல்வி, 1837 மே மாதத்தில் தஃப்னா உடன்படிக்கை. அந்த உடன்படிக்கையின்படி அல்ஜீரியாவின் மேற்கிலும் நடுவிலும் பெரும்பகுதி அமீரின் ஆட்சிக்குள் வந்தது. கிடைத்த இரண்டு ஆண்டு அமைதியில் அவர்கள் நாட்டை எட்டு மாகாணங்களாகப் பிரித்து கலீஃபாக்களை நியமித்தார்கள், நாணயம் அடித்தார்கள், துப்பாக்கிப் பட்டறை வைத்தார்கள், தாக்தம்த் என்னும் ஊரைத் தலைநகராகக் கட்டி, அங்கே ஒரு நூலகத்திற்காகக் கையெழுத்துக் கிதாபுகளைச் சேர்த்தார்கள். தமக்கோ தனி மாளிகை இல்லை, கூடாரத்தில் வாழ்ந்தார்கள்.

அரசாள்வதில் அவர்களுக்கு ஏற்பட்ட சிக்கல்களை எப்படித் தீர்த்தார்கள் என்பது மார்க்கம் படிப்பவர்களுக்குச் சுவையான செய்தி. எதிரிக்குத் தானியம் விற்கும் முஸ்லிம்களை என்ன செய்வது? போருக்கு வர மறுப்பவர்களை என்ன செய்வது? ஜகாத்தைத் தர மறுத்தால்? பைத்துல் மாலில் பணம் தீர்ந்துவிட்டால் மக்களிடம் கூடுதலாக வாங்க அனுமதி உண்டா? தாமே ஆலிமாக இருந்தும் தம் மனம் சொன்னபடி நடந்துகொள்ளவில்லை. 1837இல் ஃபாஸ் நகரத்தின் பெரிய ஃபகீஹ் அலீ அத்துஸூலீ (ரஹ்) அவர்களுக்கு இக்கேள்விகளை எழுதி அனுப்பி, விரிவான ஃபத்வாவைப் பெற்றார்கள். கையில் வாள் இருக்கும்போது முஃப்தியைத் தேடிப் போகிறவர் எத்தனை பேர் என்று நாம் எண்ணிக்கொண்டோம்.

ஆயினும் எல்லாம் குறையற்று நடந்தது என்று எழுதினால் அது வரலாறாகாது. 1838இல் அமீர் அவர்கள் பாலைவன ஓரத்திலுள்ள ஐன் மாழீ என்ற கோட்டையைப் பல மாதங்கள் முற்றுகையிட்டார்கள். அது திஜானிய்யா தரீக்காவின் இருப்பிடம். தம் தலைமையை அவர்கள் ஏற்கவில்லை என்பதே காரணம். இறுதியில் கோட்டை பணிந்தது, சுவர்கள் இடிக்கப்பட்டன. பிரெஞ்சுக்காரன் கடற்கரையில் காத்திருக்க, முஸ்லிமின் தோட்டா முஸ்லிமின்மீது அங்கே செலவாயிற்று. திஜானிய்யாவினர் அதை நெடுங்காலம் மறக்கவில்லை.

இனிக் கைதிகளின் விஷயத்திற்கு வருவோம். எதிரியின் தலையை வெட்டிக் கொண்டுவந்தால் காசு கொடுப்பது அந்த நாட்டில் துருக்கியர் காலத்து வழக்கம். பிரெஞ்சுப் படையிலும் இந்த ஈனச் செயல் நடந்திருக்கிறது. அமீர் அவர்கள் அதைத் தலைகீழாக மாற்றினார்கள். எதிரியை உயிரோடு பிடித்து வருபவனுக்கே பரிசு. தலையோடு வருபவனுக்கு ஒன்றுமில்லை. கைதியைத் துன்புறுத்தியதாகத் தெரிந்தால் தண்டனை. பிடிபட்ட பெண்களைத் தம் தாயார் ஜஹ்ரா அம்மையாரின் பொறுப்பில், அவர்களின் கூடாரத்திற்கு அருகிலேயே வைத்தார்கள். கைதிக்கு உணவளிப்பதை அல்லாஹு தஆலா தன் நல்லடியார்களின் அடையாளமாக ‘இன்ஸான்’ சூராவில் சொல்லியிருக்க, தம் படையினருக்கே உணவு தட்டுப்பட்ட ஒரு சமயத்தில், கைதிகளுக்குச் சோறிட வழியில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பணமும் வாங்காமல், பதில் கைதிகளையும் கேட்காமல் விடுதலை செய்து அனுப்பினார்கள்.

இதில் இன்னொரு நிகழ்ச்சி. பிடிபட்ட ஒரு பிரெஞ்சுக்காரரின் மனைவி அல்ஜியர்ஸ் நகரத்துக் கத்தோலிக்க பிஷப் துபூஷிடம் போய் அழுதாள். அவர் அந்த ஒருவரை விடுவிக்கும்படி அமீருக்கு எழுதினார். அமீர் அவர்கள் எழுதிய பதிலில் சிறிது கண்டிப்பு இருந்தது. இறைவனுக்கு ஊழியம் செய்பவர் ஒருவருக்காக மட்டும் பேசலாமா, எல்லாக் கிறிஸ்தவக் கைதிகளுக்காகவும் கேட்டிருக்க வேண்டாமா, உங்கள் சிறைகளில் வாடும் முஸ்லிம்களுக்கும் அதே நன்மையைச் செய்திருந்தால் இன்னும் மேலல்லவா என்பதே அதன் கருத்து. பிஷப் வெட்கினார், ஆயினும் கோபப்படவில்லை. 1841இல் இரு தரப்பிலும் கைதிகள் பரிமாறிக்கொள்ளப்பட்டார்கள். அன்றிலிருந்து அந்தப் பாதிரியார் அமீரின் ஆயுட்கால நண்பரானார். பின்னாளில் அமீரின் விடுதலைக்காக ஒரு நூலே எழுதினார்.

இதற்கு எதிரில் நின்றவர் மார்ஷல் பூஜோ. 1841 முதல் அவர் நடத்திய போர் வேறு வகையானது. விளைந்த பயிரைக் கொளுத்துவது, நிலத்தடிக் களஞ்சியத்தைத் தோண்டித் தானியத்தை அள்ளுவது, ஆடு மாடுகளை ஓட்டிச் செல்வது, அத்தி மரங்களையும் ஒலிவ மரங்களையும் வெட்டிச் சாய்ப்பது. ஷாம் தேசத்துக்குப் படை அனுப்பியபோது ஹழ்ரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் செய்த உபதேசம் நமக்கு நினைவு வருகிறது. கனி தரும் மரத்தை வெட்டலாகாது, முதியோரையும் பெண்களையும் குழந்தைகளையும் கொல்லலாகாது, மடங்களில் இருக்கும் துறவிகளைத் தொடலாகாது என்று அவர்கள் ஒவ்வொன்றாகத் தடுத்தவற்றை எல்லாம் நாகரிகத்தின் பெயரால் வந்தவர்கள் ஒவ்வொன்றாகச் செய்தார்கள். 1843 மே 16இல் அமீரின் நடமாடும் தலைநகரமாயிருந்த கூடாரப் பட்டணம், அவர்கள் இல்லாத நேரத்தில் தாக்கப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் சிறைப்பட்டார்கள், ஆண்டுக்கணக்கில் சேர்த்த கிதாபுகள் மண்ணில் சிதறின. 1845 ஜூன் மாதத்தில் தஹ்ரா மலைக் குகைகளில் ஒளிந்திருந்த உலாத் ரியாஹ் கபீலாவினரை, வாயிலில் தீ மூட்டிப் புகையால் கொன்றார்கள். ஆண், பெண், குழந்தை என்று நூற்றுக்கணக்கான பேர் உள்ளேயே மடிந்தார்கள். பிரான்சின் மேலவையிலேயே இதைக் கேட்டுச் சிலர் கூசினார்கள்.

இந்தக் கொடுமைகளுக்குப் பின் 1846 ஏப்ரல் மாதத்தில் நடந்ததையும் மறைக்காமல் எழுத வேண்டும். மொராக்கோ எல்லையில் அமீரின் பாசறையில் இருநூறுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுக் கைதிகள் இருந்தார்கள். அமீர் வெகு தொலைவில் போர்முனையில் இருந்தார்கள். பாசறைப் பொறுப்பு அவர்களின் மைத்துனர் முஸ்தஃபா இப்னு திஹாமீ அவர்களிடம். உணவு இல்லை, காவலுக்கு ஆள் போதவில்லை, மொராக்கோ படை எந்நேரமும் வந்து கைதிகளைப் பறிக்கலாம் என்ற அச்சம். ஓர் இரவில், சில அதிகாரிகளைத் தவிர மற்றக் கைதிகள் அனைவரும் கொல்லப்பட்டார்கள்.

தம் கட்டளையின்றி இது நடந்தது என்றே அமீர் அவர்கள் சொல்லி வந்தார்கள். அவர்கள் அதுவரை நடந்துகொண்ட முறையைப் பார்த்தால் அதை நம்பவே நம் மனம் விரும்புகிறது. எனினும் மார்க்கத்தின் அளவுகோல் ஒன்று இருக்கிறது. பனூ ஜதீமா கூட்டத்தாரிடம் ஹழ்ரத் காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் அவசரப்பட்டு வாளை உயர்த்தியபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் கைகளை ஏந்தி, காலித் செய்ததிலிருந்து தாம் விலகியிருப்பதாக அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களை அனுப்பி ஒவ்வோர் உயிருக்கும் நஷ்டஈடு கொடுக்கச் செய்தார்கள். காலித் (ரலி) அவர்களின் வீரமோ அவர்களுடைய எதிர்காலத் தேவையோ அதற்குக் குறுக்கே நிற்கவில்லை. பாசறையில் நடந்ததற்காக முஸ்தஃபா தண்டிக்கப்பட்டதாக நாம் படிக்கவில்லை. பின்னர் சிறையிலும் அவர் அமீரோடேயே இருந்தார். தம் ஆட்கள் செய்ததற்கு அமீரே பொறுப்பாளி என்பதால், இந்தக் கறை அவர்களின் வரலாற்றில் இருக்கத்தான் செய்கிறது. அமீரின் புகழ் பாடும் நூல்கள் பல இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவதில் நமக்கு உடன்பாடில்லை.

1847 டிசம்பர் மாதம். மொராக்கோ சுல்தானின் படையும் பின்னால் துரத்த, முன்னால் பிரெஞ்சுப் படை கணவாயை அடைத்து நின்றது. அமீரும் அவர்களின் குதிரை வீரர்களும் இருளில் மலையேறிப் பாலைவனத்துக்குள் தப்பிவிடுவது அப்போதும் இயலும். ஆனால் உடன் வந்த பெண்களும் குழந்தைகளும் காயமுற்றவர்களும் அந்த வழியில் வர முடியாது. அவர்கள் எதிரி கையில் சிக்குவார்கள். அமீர் தோழர்களைக் கூட்டி மஷூரா செய்தார்கள். செய்யக்கூடியதெல்லாம் செய்தாகிவிட்டது, இனிப் போரால் மக்களுக்கு நன்மையில்லை, அழிவே மிஞ்சும் என்ற முடிவுக்கு வந்தார்கள். கடும் மழை பெய்து கொண்டிருந்தது. கடிதம் எழுதினால் மை நில்லாது. ஆகவே வெறுந்தாளில் தம் முத்திரையை மட்டும் பதித்து, தூதரிடம் வாய்மொழியாகச் செய்தி சொல்லி அனுப்பினார்கள். பிரெஞ்சுத் தளபதி லமோரிசியேரும் எழுத முடியாமல், ஒப்புதலின் அடையாளமாகத் தம் வாளைக் கொடுத்தனுப்பினார். அலெக்ஸாந்திரியாவிற்கோ அக்காவிற்கோ குடும்பத்தோடு அனுப்பிவைப்பதாக வாக்களிக்கப்பட்டது. அரசரின் மகனான ஓமல் பிரபுவும் அதை உறுதிப்படுத்தினார். அமீர் தம் குதிரையை அவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினார்கள்.

கப்பல் போய் நின்ற இடம் அலெக்ஸாந்திரியா அன்று. பிரான்சின் தூலோன் துறைமுகம். அங்கே ஒரு கோட்டையில் அடைத்தார்கள். 1848 பிப்ரவரியில் புரட்சி வந்து அரசர் ஓடிப்போனார். புதிய அரசு பழைய வாக்குறுதி தன்னைக் கட்டாது என்றது. விடுதலைக் கோரிக்கையைக் கைவிட்டுப் பிரான்சிலேயே தங்கிவிட்டால் நிலபுலன்களோடு பெருவாழ்வு தருவதாக ஆசை காட்டினார்கள். கொடுத்த வாக்கை விலைக்கு வாங்க வருகிறார்களே என்று அமீர் மறுத்துவிட்டார்கள். பின்னர் போ நகரத்துக் கோட்டை, அதன்பின் அம்பாய்ஸ் கோட்டை. வெயிலில் வளர்ந்த அரபு மக்கள் அந்தக் குளிரிலும் ஈரத்திலும் நோயுற்றுச் செத்தார்கள். அம்பாய்ஸ் கோட்டைத் தோட்டத்தில் அவர்களில் இருபத்தைந்து பேருக்கு இன்றும் நினைவுக்கல் இருக்கிறது. எஞ்சியவர்களுக்கு அமீர் அவர்கள் இமாமாக நின்று தொழவைத்தார்கள், பாடம் நடத்தினார்கள், பார்க்க வந்த பாதிரிமாரோடும் படைத் தலைவர்களோடும் பொறுமையாக உரையாடினார்கள். இவ்வாறு ஐந்து ஆண்டுகள். 1852 அக்டோபர் 16இல் லூயி நெப்போலியன் தாமே அம்பாய்ஸுக்கு வந்து விடுதலையை அறிவித்தார். இனி அல்ஜீரியாவில் போர் செய்ய மாட்டேன் என்று அமீர் வாக்களித்தார்கள். அவர்களுக்குக் கொடுத்த வாக்கு ஐந்து ஆண்டுகள் மிதிபட்டது. அவர்கள் கொடுத்த வாக்கோ சாகும்வரை காக்கப்பட்டது. இதற்காக அவர்களைக் குறை சொன்ன நாட்டுப்பற்றாளர்கள் உண்டு. மாயிதா சூராவின் தொடக்கத்தை ஓதுகிற நாம் அந்தக் குறையை ஏற்பதற்கில்லை.

துருக்கியின் புர்ஸா நகரில் மூன்றாண்டுகள் வாழ்ந்து, அங்கே நிலநடுக்கம் ஏற்பட்டதும் 1855 இறுதியில் திமிஷ்கு சென்று குடியேறினார்கள். அல்ஜீரியாவிலிருந்து ஹிஜ்ரத் செய்த நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அவர்களைச் சுற்றிச் சேர்ந்தன. நம் ஷாஃபிஈ மத்ஹபின் பேரிமாம் நவவீ (ரஹ்) அவர்கள் பாடம் நடத்திய தாருல் ஹதீஸ் அஷ்ரஃபிய்யா, அந்நாளில் தனியார் கைக்குப் போய்ச் சீரழிந்து கிடந்தது. அமீர் அதைத் தம் பணத்தால் மீட்டுக் கொடுத்து, அங்கே ஸஹீஹுல் புகாரியை ஓதவைத்தார்கள். உமையாக்கள் பள்ளிவாசலிலும் பாடம் நடந்தது. வாள் ஏந்திய காலம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் எண்ணியிருந்தார்கள்.

1860ஆம் ஆண்டின் கோடையில் லெபனான் மலையில் துரூஸ்களுக்கும் மாரோனியக் கிறிஸ்தவர்களுக்கும் போர் மூண்டு, கிறிஸ்தவ ஊர்கள் பல அழிந்தன. அந்த நெருப்பு திமிஷ்குக்கும் வரும் என்று அமீர் முன்னரே உணர்ந்தார்கள். ஆளுநர் அஹ்மத் பாஷாவிடம் எச்சரித்தார்கள். துரூஸ் தலைவர்களுக்கு எழுதினார்கள். நகரத்து உலமாக்களிடம் பேசினார்கள். பிரெஞ்சுத் தூதரகத்தின் உதவியோடு தம் அல்ஜீரியர் ஆயிரம் பேர்வரை ஆயுதம் ஏற்பாடு செய்தார்கள். ஜூலை 9இல் கலகம் வெடித்தது. கிறிஸ்தவர்களை இழிவுபடுத்தியதற்காகப் பிடிபட்ட சில முஸ்லிம் இளைஞர்களை விலங்கிட்டுத் தெரு கூட்ட வைத்ததுதான் உடனடிக் காரணம். ஆழமான காரணங்கள் வேறு இருந்தன. சுல்தானின் 1856ஆம் ஆண்டுப் பிரகடனம், ராணுவ வரி, ஐரோப்பியத் தூதர்களின் தலையீடு, நெசவாளர்களின் வறுமை எல்லாம் சேர்ந்து ஊறிக் கிடந்த வெறுப்பு. ஆளுநரின் படை கைகட்டி நின்றது. அதில் சிலர் கொள்ளையிலும் சேர்ந்தார்கள். கிறிஸ்தவர் குடியிருப்பு பற்றி எரிந்தது. ஆயிரக்கணக்கில் மக்கள் கொல்லப்பட்டார்கள்.

அமீரும் அவர்களின் ஆட்களும் எரியும் தெருக்களுக்குள் புகுந்தார்கள். ஒளிந்திருப்பவர்களைக் கூவி அழைத்து, நடுவில் நிறுத்தி, தம் இல்லத்துக்கு அழைத்து வந்தார்கள். பிரெஞ்சு, ரஷ்ய, கிரேக்கத் தூதர்கள், கன்னிமாடத்துச் சகோதரிகள், அவர்களிடம் படித்த குழந்தைகள், பாதிரியார்கள், தெருத் தெருவாகக் குடும்பங்கள். வீடு நிரம்பியது, அடுத்த வீடுகள் நிரம்பின, அங்கிருந்து காவலோடு நகரக் கோட்டைக்கு அனுப்பினார்கள். உயிரோடு கொண்டுவரப்படும் ஒவ்வொரு கிறிஸ்தவருக்கும் ஐம்பது கிர்ஷ் தருவதாக அறிவித்தார்கள். அல்ஜீரியப் போர்க்களத்தில் உயிருள்ள கைதிக்குப் பரிசு வைத்த அதே முறையே இங்கும் பயன்பட்டது. வாசல் நடையில் பாய் விரித்து, பக்கத்தில் பணப்பையை வைத்துக்கொண்டு, ஐந்து நாட்கள் சரியான உறக்கமின்றி அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

கூட்டம் அவர்களின் வாசலுக்கும் வந்தது. நீங்களும் கிறிஸ்தவர்களைக் கொன்று குவித்தவர்தானே, இப்போது அவர்களைக் காப்பது ஏன் என்று கேட்டது. தாம் போர் செய்தது தம் நாட்டின்மீது படையெடுத்து வந்தவர்களோடு என்றும், இங்கே நிராயுதபாணிகளைக் கொல்வது ஷரீஅத்துக்கு எதிரான கொலை என்றும், தம் ஆட்களில் ஒருவர் உயிரோடு இருக்கும்வரை ஒரு கிறிஸ்தவரையும் ஒப்படைப்பதற்கில்லை என்றும் அமீர் விடையளித்தார்கள். குதிரையைக் கொண்டுவரச் சொல்லி, தம் ஆட்களை ஆயத்தமாகும்படி ஏவினார்கள். கூட்டம் கலைந்தது.

மீதான் பகுதியிலிருந்த முஸ்லிம் பெரியவர்களும் தம் அண்டைக் கிறிஸ்தவர்களைக் காத்து நின்றார்கள் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். எல்லாப் புகழையும் ஒருவருக்கே கொடுத்து மற்ற முஸ்லிம்களைக் கொலைகாரர்களாகக் காட்டும் ஐரோப்பிய நூல்கள் உண்டு, அது உண்மையன்று. பின்னர் சுல்தானின் அமைச்சர் ஃபுஆத் பாஷா வந்து விசாரித்து, கடமை தவறிய ஆளுநரையே மரண தண்டனைக்கு உள்ளாக்கினார்.

அமீர் காத்தவர்களில் பிரெஞ்சுத் தூதரும் ஒருவர். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் வாக்குத் தவறித் தம்மைச் சிறையிலடைத்த அரசின் ஊழியர் அவர். பிரான்சு தன் மிக உயர்ந்த விருதை அனுப்பியது. ரஷ்யா, பிரஷ்யா, கிரீஸ், போப்பாண்டவர், உதுமானிய சுல்தான் என்று எல்லாரும் அனுப்பினார்கள். ஆனால் நம் உள்ளத்தை உருக்குவது வேறொரு கடிதம். காக்கேசிய மலைகளில் ரஷ்யாவை எதிர்த்து இருபத்தைந்து ஆண்டுகள் போரிட்டு, 1859இல் பிடிபட்டு, ரஷ்யாவில் கைதியாக இருந்த தாகிஸ்தானத்து இமாம் ஷாமில் (ரஹ்) அவர்கள் அமீருக்கு எழுதினார்கள். அண்ணலார் (ஸல்) அவர்களின் சொல்லை மறந்து முஸ்லிம்கள் இப்படி நடந்ததைக் கேட்டுத் திடுக்கிட்டதாகவும், அமீர் செய்ததைக் கேட்டு உள்ளம் குளிர்ந்ததாகவும் அதில் இருந்தது. மார்க்கம் இட்ட கடமையையே தாம் செய்ததாக அமீர் பதில் எழுதினார்கள். அதோடு, சத்தியத்துக்குத் துணை நிற்பவர்கள் இக்காலத்தில் குறைந்துவிட்டார்களே என்று வருந்தினார்கள். இரு வேறு வல்லரசுகளிடம் தோற்ற இரு முஜாஹிதுகள் ஒருவர்க்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்கள் இவை.

பின் வந்த ஆண்டுகள் இபாதத்தில் கழிந்தன. 1863இல் மீண்டும் ஹரமைனுக்குச் சென்று நீண்ட நாட்கள் தங்கினார்கள். ஹிரா குகையில் கல்வத் இருந்தார்கள். ஷைகுல் அக்பர் இப்னு அரபீ (ரஹ்) அவர்களின் ஃபுதூஹாத்துல் மக்கிய்யா நூலின் பிரதிகளில் பிழை மலிந்திருந்ததால், இரண்டு ஆலிம்களைக் கூனியா நகரத்துக்கு அனுப்பி, ஆசிரியரின் கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிட்டுத் திருத்தச் செய்தார்கள். தம் ஞான விளக்கங்களைக் கிதாபுல் மவாகிஃப் என்ற பெரிய நூலில் விட்டுச் சென்றார்கள்.

ஹிஜ்ரி 1300 ரஜப் மாதத்தில், 1883 மே 26இல், திமிஷ்கில் வஃபாத்தானார்கள். ஸாலிஹிய்யா பகுதியில் ஷைகுல் அக்பர் அவர்களின் கபுறுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார்கள். 1962இல் அல்ஜீரியா விடுதலை பெற்றபின், சில ஆண்டுகளில் அந்த நாட்டு அரசு அவர்களின் உடலைத் தாய்நாட்டுக்குக் கொண்டுசென்று அல்ஜியர்ஸ் நகரின் ஆலியா கபுறுஸ்தானில் மறு அடக்கம் செய்தது. திமிஷ்கில் அவர்கள் முதலில் அடங்கியிருந்த இடத்தை இப்னு அரபீ (ரஹ்) அவர்களை ஜியாரத் செய்யச் செல்பவர்களுக்கு இன்றும் காட்டுகிறார்கள்.